இடது மூக்கில் மட்டும்

முதலில் பார்த்த ரத்தத்தைக் கோழியின் ரத்தம் என்றுதான் நினைத்தேன். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர் தள்ளி எங்களுடைய முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. வெளியிலிருந்து நோய் எதுவும் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது என்று ஷெட் வாசலில் சுண்ணாம்புத்தூள் தூவி வைத்திருப்போம். அந்த வெள்ளையின்மேல் மூன்று சிவப்புச் சொட்டுகள். கோழிகள் ஒன்றையொன்று கொத்தி ரத்தம் வருவது புதிதல்ல. ஆனால் கூண்டுக்குள் இருக்கிற கோழி வாசல்வரை வந்து ரத்தம் சிந்தாது என்பதுகூட அன்று எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலையில் எங்கள் நாய் அதே இடத்தில் நின்று தலையை உதறித் தும்மியது. தும்மலோடு சுண்ணாம்பில் சிவப்பு தெறித்தது.

அந்த நாய்க்குப் பெயர் கிடையாது. இத்தனை ஆயிரம் கோழிக்குப் பெயர் வைக்காத இடத்தில் நாய்க்கு மட்டும் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. “டேய்” என்றால் வரும். செவலை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும், அப்போது ஐந்து வயது. கீரியையும் காட்டுப்பூனையையும் ஷெட் பக்கம் அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. என் கணவரைவிட அதற்குப் பொறுப்பு அதிகம் என்று அவர் முன்னாலேயே சொல்வேன். அவர் சிரிப்பாரே தவிர மறுத்ததில்லை.

எனக்கு வைத்தியம் தெரியும் என்கிற நினைப்பு அந்தக் காலத்தில் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. ஷெட்டுக்குள் நுழைந்து நின்று காதைக் கொடுத்தால் போதும், கோழிக்குச் சளி பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். தண்ணீர்த் தொட்டியில் எந்தப் பொடியை எவ்வளவு கலப்பது என்று டாக்டர் எழுதி முடிப்பதற்குள் என் கை அளந்து வைத்திருக்கும். பண்ணை வைத்தியமே தனி. அங்கே ஒரு கோழிக்கு யாரும் மருந்து கொடுப்பதில்லை; கொடுத்தால் ஷெட் முழுவதற்கும் கொடுப்போம். ஒரே ஒரு கோழி சுணங்கி உட்கார்ந்தால் அதைக் கழித்துவிடுவோம். கழிப்பது என்றால் கூண்டிலிருந்து எடுத்துவிடுவது. பிறகு அதைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. என்ன நோயென்று தெரியாவிட்டால் செத்ததை அறுத்துப் பார்ப்போம். உயிரோடிருக்கிற ஒன்றின் முன்னால் உட்கார்ந்து அதன் முகத்தைப் பார்க்கிற பழக்கம் எங்களில் ஒருவருக்கும் கிடையாது.

நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்தால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் உண்ணிக் காய்ச்சல் என்றுதான் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை. உண்ணி கடித்து, ரத்தம் உறையாமல், மூக்கால் ஒழுகிச் செத்துப்போன நாய்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் காய்ச்சலுக்கும் கோழிச் சளிக்கும் கொடுப்பது ஒரே மருந்துதான் என்று ஒரு பண்ணைக்காரர் சொல்லிக் கேட்டிருந்தேன். அலமாரியில் பாக்கெட் இருக்கும்போது எதற்கு யோசிக்க வேண்டும்? நாயைத் தூக்கிக்கொண்டு தீவனத் தராசில் ஏறினேன், பிறகு தனியாக ஏறினேன், மீதி நாயின் எடை. பொடியை மோரில் கரைத்து வைத்தேன். மூன்றாம் நாள் ரத்தம் நின்றுவிட்டது.

நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் போன் போட்டு, “ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாமுங்க, என்றகிட்டக் கேளுங்க” என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தது. மறுபடியும் மோர், மறுபடியும் பொடி. ஒரு வாரம் நிற்கும், பிறகு வரும். வருவதும் நிற்பதும் அந்த நோயின் குணம், என் மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. அப்போது ஒவ்வொரு முறை நின்றபோதும் என் கைராசி என்றே நினைத்தேன். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ரத்தத்தைத் துடைக்க ஒரு பழைய துண்டைக் கிழித்து வைத்திருந்தேன். தினமும் துடைத்த எனக்கு, ஒரு நாள்கூட வலது மூக்கைத் துடைக்க வேண்டி வரவில்லை என்பது தெரியும். தெரிந்தும் அதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றவில்லை. பிறகு இடது கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. கண்ணுக்குக் கீழே மூக்கெலும்பின்மேல் ஒரு மேடு எழும்பியது. படுத்தால் குறட்டை, நின்றால் வாயால் மூச்சு. கீரி வந்தாலும் அதற்கு வாசனை எட்டவில்லை. சோற்றை முன்னால் வைத்தால் தட்டு எங்கே இருக்கிறது என்று தேடியது.

ஒரு காலை, முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் கணவர் சொன்னார்: “இது தேறாது புள்ள. பேசாமக் கழிச்சுப்போடலாம்.”

அவர் கொடுமைக்காரர் இல்லை. எங்கள் வீட்டில் தினமும் புழங்குகிற வார்த்தைதான் அது. அன்று காலைகூட நான்கு கோழியைப் பற்றி அதே வார்த்தையை நான் சொல்லியிருந்தேன். ஆனாலும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஏனுங்க, வருசம் பூரா உங்களுக்கு முதுகுவலி. உங்களைக் கழிச்சுப்போட்டனா?”

அவர் தட்டுகளை அடுக்குவதை நிறுத்தவில்லை. நான் அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. கோபம் அவர்மேல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குப் பயம். என் கைராசி இத்தனை நாளாக நாயைக் கொன்றுகொண்டிருக்கிறதோ என்கிற பயம்.

அந்த வாரம் எங்கள் கோழி டாக்டர் வழக்கம்போல ஷெட் பார்க்க வந்தார். நாயைக் காட்டினேன். “அக்கா, செத்த கோழியை அறுத்துப் பாத்துப் பாத்து, உசுரோட இருக்கறதப் பாக்கறது மறந்தே போச்சுங்க” என்று சிரித்தார். ஆனால் உட்கார்ந்தார். பிரிட்ஜிலிருந்து ஒரு சில்வர் மூடியை எடுத்துவரச் சொன்னார். குளிர்ந்த மூடியை நாயின் மூக்கின் முன்னால் பிடித்தார். வலது பக்கம் ஆவி படர்ந்து படர்ந்து மறைந்தது. இடது பக்கம் மூடி பளபளவென்று அப்படியே இருந்தது.

“அடைச்சிருக்குதுங்க. உண்ணிக் காச்சல்னா மூக்குக்குள்ள எதுக்கு அடைக்கோணும்? உள்ள என்னமோ வளருது. என்ன குடுத்தீங்க?”

சொன்னேன்.

“மோர்லயா?” என்றார். “அந்த மருந்து மோர்ல கலந்தா சரியா ஒடம்புல சேராதுங்க அக்கா. கோழிக்கு மோரா ஊத்தறீங்க?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளே நாமக்கல்லில் இருக்கிற பெரிய மாட்டாஸ்பத்திரிக்கு எங்கள் மினி வண்டியில் நாயை ஏற்றிக்கொண்டு போனோம். நாய், பூனை, கிளி எதைக் கொண்டுபோனாலும் எங்கள் ஊரில் அது மாட்டாஸ்பத்திரிதான். வரிசையில் எங்களுக்கு முன்னால் சேலம் அம்மாபேட்டையிலிருந்து வந்த ஜவுளிக்காரர் ஒருவர், பஞ்சுப்பொதி போன்ற வெள்ளை நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் நாயைப் பார்த்து, “இது என்ன ஜாதிங்க?” என்று மரியாதையாகக் கேட்டார். “செவலை ஜாதிங்க” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

எங்களைப் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. நாயைத் தொடுவதற்கு முன்பு என்னைத்தான் பார்த்தார்.

“ரத்தம் ரெண்டு பக்கமும் வருதாம்மா, ஒரு பக்கம் மட்டும்தானா?”

“இடது மட்டும்.”

“நல்லாத் தெரியுமா?”

“ரெண்டு மாசமாத் தொடைக்கிறேன் சாமி. தெரியும்.”

அவர் அதை முதல் வரியாக எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உண்ணிக் காய்ச்சலுக்கான அடையாளமே இல்லை. மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் வைத்து எங்களுக்கும் காட்டினார். மூக்கின் வலது பாதி கறுப்பாக இருந்தது. உள்ளே காற்று இருப்பதால் கறுப்பு என்றார். இடது பாதி முழுக்க வெளுத்துக் கிடந்தது. மயக்கம் தெளிவதற்குள், மூக்குக்குள் ஒரு குழாயை விட்டு உப்புத்தண்ணீரை வேகமாக அடித்தார்கள். சளியோடும் ரத்தத்தோடும் இளஞ்சிவப்பாக ஒரு சதைத் துணுக்கு வந்து விழுந்தது. அதைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போகுமுன் டாக்டர் எங்களிடம் நின்றார்.

“கட்டிதாம்மா. அதுல ரெண்டு விதம் இருக்கு. மூக்குலயே பொறந்து வளர்ற புத்துநோயா இருந்தா, அதுக்குக் கதிர்வீச்சு குடுக்கணும். நாய்க்கு அதுக்கெல்லாம் இங்க வசதி கிடையாது. வலி தெரியாம வெச்சுக்கலாம், கொஞ்ச மாசம். இன்னொரு விதம் இருக்கு. அதுவா இருந்தா வாரம் ஒரு ஊசி. பெரும்பாலும் கரைஞ்சிடும்.”

“எப்பங்க தெரியும்?”

“அரை மணி நேரம்.”

அந்த அரை மணி நேரம் புங்க மரத்தடியில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மயக்கத்தில் நாக்கு வெளியே கிடந்தது. அது ஈரமாக இருக்கட்டும் என்று துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கணவர் வண்டிக்கும் மரத்துக்குமாக நடந்தார். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அன்று எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். கோழியை அறுத்துப் பார்த்துத்தான் பழக்கமே தவிர எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. வட்ட வட்டமாக, உள்ளே சின்னச் சின்னக் குமிழ்களோடு, வேகவைத்த ஜவ்வரிசி கொட்டிக் கிடப்பது போலிருந்தது.

“ரெண்டாவது விதம்” என்றார் டாக்டர். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. “ஊசிக்குக் கேக்கும்மா.”

நான் அங்கேயே அழுதுவிட்டேன். கணவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் எங்களை அழவிட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே கேட்டார்.

“இது ஒட்டுற நோய்ம்மா. நாய்கிட்ட இருந்து நாய்க்கு. சேரும்போது வரும். அந்த எடத்த மோந்து பாத்தாக்கூட மூக்குல ஒட்டிக்கிட்டு வளரும். உங்க பக்கத்துல ரத்தம் போயிட்டே இருந்த பெட்டை ஏதாவது இருந்ததா?”

கணவர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரின் மேசையைப் பார்த்தேன்.

இருந்தது. தீவனக் கிடங்கின் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டை ஒண்டிக்கொண்டிருந்தது. எங்களுடையது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மிச்சச் சோற்றை நான்தான் வைத்தேன். திடீரென்று அதற்கு ரத்தப்போக்கு ஆரம்பித்தது. பருவம் என்று நினைத்தோம். பருவமாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் நின்றிருக்க வேண்டும். இரண்டு மாதமாகியும் நிற்கவில்லை. நாலு பண்ணை நாய்களும் எங்கள் வேலியைச் சுற்றிச் சண்டை போட்டன. அந்தச் சத்தத்தில் கோழிகள் மிரண்டு கூண்டில் அடித்துக்கொண்டன, முட்டை குறைந்தது. முட்டை குறைந்தால் எங்கள் வீட்டில் வேறு எந்த நியாயமும் எடுபடாது. “முதல்ல அந்தச் சனியனக் கழிச்சுப்போட்டு வாங்க” என்று நான்தான் சொன்னேன். கணவருக்கு மனமில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் இதே மினி வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், பைபாஸில் ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் பின்னால், எச்சில் இலை விழுகிற இடமாகப் பார்த்து இறக்கிவிட்டு வந்தார். செவலைக்கு முதல் ரத்தம் வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து.

“இருந்ததுங்க” என்றேன். “எங்கியோ ஓடிப்போச்சு.”

“அடடா” என்றார் டாக்டர். “அதுக்கும் இதே ஊசிதாம்மா. இதைவிடச் சீக்கிரமே கேட்டிருக்கும்.”

வண்டியில் திரும்பும்போது கணவர் சாலையைப் பார்த்தே ஓட்டினார். ஓடிப்போச்சு என்று ஏன் சொன்னாய் என்று அவர் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வாரம் ஒரு ஊசி. ஒவ்வொரு முறையும் முதலில் ரத்தத்தைச் சோதித்து, அது சரியாக இருந்தால்தான் மருந்து. நரம்புக்கு வெளியே ஒரு சொட்டு கசிந்தாலும் சதை வெந்துவிடும் என்று டாக்டர் அவ்வளவு பதமாக ஏற்றுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைப் பிடித்திருப்பேன். ஊசி போட்ட பிறகு சில நாள் அதன் மூத்திரத்தைக் கையுறை போட்டுக்கொண்டுதான் கழுவ வேண்டும், ஷெட் பக்கமும் விடக்கூடாது. முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் வாந்தி எடுத்தது, சோற்றைத் தொடவில்லை. இரண்டாவதற்குப் பிறகு கண்ணில் நீர் நின்றது. மூன்றாவது வாரம் கண்ணுக்குக் கீழே தடவிப் பார்த்தேன், மேடு தட்டுப்படவில்லை. நாமக்கல்லிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜிலிருந்து சில்வர் மூடியை எடுத்துப் பிடித்தேன். இடது பக்கம் சின்னதாக ஓர் ஆவி. கட்டைவிரல் அகலம்தான். வேலையை விட்டுவிட்டுக் கணவரைக் கூப்பிட்டேன். அவரும் மூடியைப் பிடித்துப் பார்த்தார். இருவரும் மாறி மாறி அதைப் பிடித்ததில் நாய் சலித்துப்போய் எழுந்து போய்விட்டது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை அது கொஞ்சம் தேறும்போதும் இன்னொன்று என் நினைவில் வந்தது. இந்த மூக்கில் கரைகிற அதே கட்டி, எங்கோ ஒரு கடைக்குப் பின்னால் கரையாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. என் கணவர் கழித்துவிடலாம் என்று சொன்னதற்கு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவள் நான். அதே வார்த்தையை அவருக்கு முன்னாலேயே நான் சொல்லி முடித்திருந்தேன். சொன்னபடி செய்யவும் வைத்தேன்.

நான்காவது ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது டாக்டரிடம் சொன்னேன்: “அந்தப் பெட்டை ஓடிப்போகலீங்க. நாந்தான் கொண்டுபோய் உடச் சொன்னேன்.”

ஊசியிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. கடைசிச் சொட்டு இறங்கியது. பிறகு பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, “எங்க உட்டீங்கன்னு தெரியுமில்ல? போய்ப் பாருங்கம்மா. கெடைச்சா இங்கயே கூட்டிட்டு வந்துடுங்க” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

செவலையை வீட்டில் விட்டுவிட்டு, மத்தியான முட்டை எடுப்பு முடிந்ததும் நாங்கள் இருவரும் கிளம்பினோம். கயிறு, ஒரு சாக்கு, இரண்டு பாக்கெட் ரொட்டி எடுத்துக்கொண்டேன். கறுப்புப் பெட்டையை விட்டு வந்து நாலு மாதத்துக்குமேல் ஆகியிருந்தது. செத்திருக்கும் என்று நான் சொன்னேன். இருக்கலாம் என்று கணவர் சொன்னார். இருந்தாலும் கிட்ட வராது, கடிக்கும், சாக்கைப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்றும் நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பைபாஸ் சாப்பாட்டுக்கடைக்காரர் இலை எடுக்கிற இடத்திலேயே நின்று பதில் சொன்னார். “கருப்புப் பெட்டைங்களா? பின்னாடிதான் இருக்குதுங்க. பாவம், ஒடம்பு சரியில்ல, ரத்தமாப் போகுது. ஆள் நெருங்க உடாது. ஆனா ஒண்ணுங்க, லாரி எத்தனை வந்தாலும் தலை தூக்காது. இந்த மாதிரிச் சின்ன வண்டி வந்து நின்னா மட்டும் எந்திரிச்சு வந்து பாத்துட்டுப் போகும்.”

நாங்கள் பின்னால் போகவே இல்லை. போவதற்குள் அதுவே சுவரைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. விலா எலும்பை எண்ணலாம் போல இளைத்திருந்தது. பின்னங்கால்களில் ரத்தம் காய்ந்து கிடந்தது. வண்டியின் சக்கரத்தை மோந்தது. பிறகு என் காலை மோந்தது. ரொட்டியைப் பிரித்துப் போட்டேன், அது ரொட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. மெதுவாக ஆட்டியது, முழு உடம்போடும் ஆட்டியது. கடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கணவர் வண்டியின் பின்கதவைத் திறந்தார். சாக்கு என் கையிலேயே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை, தூக்கவில்லை. முன்னங்கால்களைத் தட்டின்மேல் வைத்து, பின்னங்கால் இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை அதுவாகவே ஏறி, ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

“முன்னால ஏறு புள்ள” என்றார் கணவர். “நேரா நாமக்கல் போயிரலாம்.”

நான் சாக்கை விரித்துப் போட்டுப் பின்னால் ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.